ஒழுகுற பக்கம்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே
பைரூஸ் நானாவின் கொமினிகேஷனில்
என் கலியாணம்
இரண்டு பிரதியாகிக்கொண்டிருக்கிறது.
கறுப்பு வெள்ளை பத்து ரூபா. கலர் அறுபது.

வெளியே பனி இறங்கி
எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை
எழுத்தெழுத்தாகத் தின்கிறது.
அதில் புதிதாக ஒன்றுமில்லை.
பிறப்புச் சான்றிதழில் நான் பவளராணி,
அடையாள அட்டையில் பவலரானி,
விவாகப் பதிவில் பவளாராணி.
கூப்பிட்டதைக் காதில் விழுந்தபடி
எழுதிக்கொண்ட பேனாக்கள்.
மூவரும் ஒருத்தியே என்று
தனியாக ஒரு சத்தியக் கடதாசி.
"தியோகு மூணு பேரக் கட்டியிருக்காரு"
நானா சிரிக்கிறார். நானும்.
"கொழும்புல இப்படிச் சிரிச்சிறாதீங்க."

படங்கள் நாற்பத்து மூன்று.
மாதா கோயிலில் மோதிரம்,
மறுநாள் மாரியம்மன் கோயிலில் மாலை.
இரண்டு தரம் கட்டினோம்,
ஒன்றையாவது நம்பட்டும்.

நானா ஒன்றை மட்டும் ஒதுக்கி வைக்கிறார்.
தியோகு முட்டி போட்டு
என் கணுக்காலில் அட்டைக்குச்
சவர்க்காரம் தேய்க்கிற படம்.
தெரிவது அவர் உச்சந்தலை, என் ஒரு செருப்பு.
எடுத்தவள் தங்கச்சி,
சிரித்த சிரிப்பில் கை ஆடிவிட்டது.
"மொகம் இல்லாத படம் சரிவராதும்மா."
"அட்டை இருக்குதானே நானா."
"அந்த அட்டைய அவங்க கேக்க மாட்டாங்க."

பிறகு வட்ஸ்அப்.
பதினான்கு மாதத்தில் பொறுக்கிய எழுபது பக்கம்.
முக்கால்வாசி, சாப்பிட்டாச்சா.
எனக்கு விடிகாலை ஐந்தரை,
அவருக்கு இன்னும் நேற்றுப் பின்னேரம் ஆறு.
எட்மன்டனில் இறைச்சி வெட்டி முடித்து
கையுறை கழற்றுகிற நேரத்தில்
இங்கே அம்மா பிரட்டுக்குக் கிளம்புவாள்.
நிறுவைக் கொட்டகைக்குப் பின்னால்
சிக்னல் எட்டுகிற ஒரே பாறை.
அதில் நான் இருந்து இருந்து
பாசி ஒரு இடத்தில் முளைப்பதில்லை.
அதற்குப் பிரதி எடுக்கிற மெஷின் இல்லை.

ஆகஸ்ட் ஐந்துக்கு அடுத்து
ஆகஸ்ட் பதினேழு.
நானாவின் விரல் அங்கே நின்றுவிட்டது.
"பதினோரு நாள் என்னாச்சு?
டவர் விழுந்திருச்சுன்னு சொல்லுங்க.
அந்த மாசம் மண்ணு சரிஞ்சதுதானே."

டவர் விழுந்தது மெய். இரண்டு நாள்.
மீதி ஒன்பதும் நான்.
தாலி வட்டிக்காசில் வாங்கியது என்று
மூன்றாம் ஆள் வாயில் கேட்டிருந்தேன்.
அந்த ஒன்பது நாளும்
பாறைக்குப் போகத் தவறவில்லை.
போனை மடியில் வைத்துக்கொண்டு
அது அடிக்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடுக்காத கோல் எல்லாம்
பேப்பர்ல வருமா நானா?"
"வரும். ஆனா சண்டன்னு தெரிஞ்சு போகுமே."
முப்பத்தெட்டு.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னச் சிவப்பு அம்பு.
கறுப்பு வெள்ளையில் எடுத்தால்
எல்லாம் ஒரே சாம்பல்.
கலரில் எடுக்கச் சொன்னேன்.
அட்டைப் படத்தையும் சேர்த்து.
பஸ் காசு போக மிச்சம் இருபது.

இரவு தங்கச்சி
கதவுக்குப் பின்னால் கதிரை போட்டு
ஒபிசராகிறாள். தொண்டையைச் செருமுகிறாள்.
கணவர் எத்தனை நாள் கூட இருந்தார்?
பத்தொன்பது.
தேத்தண்ணிக்குச் சீனி?
தொட்டுக் குடிப்பார், கருப்பட்டி கிடைத்தால்.
கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பார்?

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எனக்கு வரவில்லை.
தகரத்தில் அப்போதும் மழை.
அந்தப் பத்தொன்பதில் பதினாறு நாள் மழைதான்.
சுவரோரம் நான்.
வாளி வைத்திருந்த பக்கம் அவர்,
தோளில் ஒரு உரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு.

ஒழுகுற பக்கம் என்றேன்.
தங்கச்சி எழுதிக்கொண்டாள்.
கொழும்பில் மொழிபெயர்ப்பவர்
இதை அந்த அம்மாவுக்கு எப்படிச் சொல்வாரோ,
வலது என்பாரோ, இடது என்பாரோ.